வழுவும் வழுவமைதியும்: லினக்ஸ் வலையமைப்பு உள்ளமைவு மென்பொருள்களின் திருத்தம் பற்றிய ஒரு நோக்கு

கணினித்துறையிலே 'பக்' என வழங்குவதைத் தமிழிற் குறிப்பதற்கு 'வழு' என்னுஞ் சொல் இன்று பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. இச்சொல்லைத் தெரிந்தெடுத்தோர் அதன் இலக்கணப் பின்னணி முழுவதையும் மனங்கொண்டனரோ அல்லரோ, தெரிவு பொருத்தமானதே. சேனாவரையர் முதலான சொல்லதிகார உரையாசிரியர்கள் வழுவை மட்டும் கூறி அமைந்தாரல்லர். வழுவமைதி என ஒன்றனையும் உடன் கூறினர். விதிப்படி பிழையே எனினும் வழக்கிலே காரணத்தோடு வேரூன்றிவிட்டமையால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பின் மிகுதியால் ஒருவன் தன் பசுவை உயர்திணையாற் சுட்டுவானாயின் அது திணைவழு. ஆயினும் இலக்கணம் அதனை அமைத்துக்கொள்ளும்.

மென்பொருளைத் திருத்துவோரும் நாள்தோறும் இவ்விரண்டுக்குமிடையே தீர்ப்புச் சொல்ல வேண்டியவராகவே உள்ளனர். எது நீக்கப்படவேண்டிய வழு, எது அமைத்துக்கொள்ளப்படவேண்டிய வழு என்னும் வினா தொழினுட்ப வினாப் போலத் தோன்றினும், அதன் விடை பெரும்பாலும் அந்த மென்பொருளை நம்பி வாழ்வோர் யாவர், அதனைப் பேணுவதற்கு உழைப்போர் யாவர் என்பவற்றிலேயே தங்கியுள்ளது. லினக்ஸ் இயக்குமுறைமையின் வலையமைப்பு உள்ளமைவு மென்பொருள்களைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இம்மென்பொருள்களின் பணி யாதெனக் காண்போம். ஒரு கணினி வலையமைப்பில் இணைந்து தகவற் பொதிகளை அனுப்புவதும் பெறுவதும் இயக்குமுறைமையின் கருவகத்தின் தொழில். ஆனால் எந்த இடைமுகத்துக்கு எந்த முகவரி, பிற வலையமைப்புகளுக்குச் செல்லும் நுழைவாயில் எது, பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் சேவையகம் எது என்பவற்றைக் கருவகம் தானாக அறியாது. அவற்றை ஒரு கோப்பிலிருந்தோ, வலையமைப்பிலுள்ள வேறொரு சேவையகத்திடமிருந்தோ, மனிதரொருவரின் கட்டளையிலிருந்தோ பெற்றுக் கருவகத்துக்கு உணர்த்துவதே உள்ளமைவு மென்பொருளின் வேலை. சொற்செயலி பிழைத்தால் ஓர் ஆவணம் கெடும். இம்மென்பொருள் பிழைத்தாலோ, அப்பிழையைத் திருத்துவதற்கான வழியே அடைபட்டுவிடும். நூறு மைலுக்கப்பாலுள்ள சேவையகமொன்றை வலையமைப்பின் ஊடாகவே நிருவகிக்கும் ஒருவர், அதன் முகவரியைத் தவறாக மாற்றிவிட்டாராயின், நுனிமரத்திலிருந்து அடிமரத்தை வெட்டியவராவார்.

இத்துறையின் மிகப் பழைய கருவி 'இஃப்கொன்பிக்' என்பது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் பதிப்பிலே அது தோன்றியது. ஓர் இடைமுகத்துக்கு ஒரு முகவரி என்பதே அக்காலத்து இயல்பான எண்ணம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ், அக்கருவியின் வடிவத்தையும் எண்ணத்தையும் 'நெற்-ரூல்ஸ்' என்னுந் தொகுதியின் வாயிலாகத் தனதாக்கிக்கொண்டது. 1999 சனவரியில் வெளிவந்த 2.2ஆம் கருவகத்தை அடுத்து நிலைமை மாறியது. வலையமைப்புப் பகுதியிற் பெரும் மாற்றங்களைச் செய்த அலெக்சி குஸ்நெற்சோவ், 'ஐபிரூட்2' என்னும் புதிய கருவித்தொகுதியையும் எழுதினார். ஓர் இடைமுகத்துக்குப் பல முகவரிகள், பல வழிப்படுத்தல் அட்டவணைகள் என்பன இயலுமாயின. கருவகத்தோடு பேசும் முறையும் வேறாயிற்று. பழைய கருவி தனித்தனி வினாக்களாகக் கேட்டறியும். புதியது 'நெற்லிங்க்' என்னும் செய்திப் பரிமாற்ற வழியினூடாகப் பேசும். மாற்றமொன்று நிகழும்போது கருவகமே வந்து அறிவிக்கவும் அவ்வழி இடந்தரும்.

இதன் விளைவாகத் தோன்றிய வழு விநோதமானது. புதிய கருவியால் இரண்டாவது முகவரியொன்றைச் சேர்த்துவிட்டு, அதற்குத் தனிப் பெயர்ச்சீட்டு எதனையும் இடாதுவிட்டால், பழைய இஃப்கொன்பிக் அதனைக் காட்டாது. முகவரி உண்டு, பொதிகள் அதற்கு வந்து சேர்கின்றன, ஆயினும் நிருவாகி நம்பும் கருவி அதனை இல்லையென்கிறது. இது ஒரு வரியைத் திருத்தி நீக்கத்தக்க வழுவன்று. உலகம் மாறிவிட்டதை அறியாத ஒரு கருவி, தான் பிறந்த காலத்து உலகை உண்மையாகவே விவரித்துக்கொண்டிருந்தது.

அவ்வாறாயின் பழையதைக் கைவிட்டுப் புதியதை மேற்கொள்ளலாமே என வினவலாம். டெபியன் வெளியீட்டில் 2017இன் 9ஆம் பதிப்பிலிருந்து நெற்-ரூல்ஸ் இயல்பாக நிறுவப்படுவதில்லை. எனினும் வேண்டுவோர் தனியாக நிறுவிக்கொள்ளலாம். காரணம், கருவியைப் பயன்படுத்துவோர் மனிதர் மட்டுமல்லர். கட்டளைக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இஃப்கொன்பிக்கின் வெளியீட்டைப் படித்து, அதிலிருந்து முகவரியைப் பிரித்தெடுத்து வந்தன. பழைய வெளியீட்டிலே முகவரிக்கு முன் 'அடர்' என்ற குறுக்கச் சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் நின்றன. நெற்-ரூல்ஸின் 2ஆம் தலைமுறையில் அவ்வெளியீடு செம்மைப்படுத்தப்பட்டு, அச்சொல்லும் புள்ளியும் மறைந்தன. கண்ணால் வாசிப்போருக்கு இது சிறு நன்மை. அப்புள்ளியைத் தேடி முகவரியைக் கண்டுகொண்ட கட்டளைக் கோப்புகளுக்கோ முகவரியே இல்லாதுபோயிற்று. அவை வெற்றுச் சொல்லை முகவரியென எடுத்துக்கொண்டு மேலே சென்றன. மனிதர் வாசிப்பதற்கென எழுதப்பட்ட வரி, எவரும் கையொப்பமிடாமலேயே, பொறிகளுக்கிடையிலான உடன்படிக்கையாக மாறியிருந்தமை அது உடைந்தபோதே தெரியவந்தது. ஐபிரூட்2இன் கருவிகளிலே, மனிதர்க்குரிய வெளியீட்டைத் தவிர, நிரல்கள் வாசிப்பதற்கென ஒழுங்கமைந்த வெளியீடொன்றும் பின்னர் சேர்க்கப்பட்டது இவ்வனுபவத்தின் பின்னணியில் நோக்கற்பாலது. புதிய வசதியெனப் பட்டியலிடப்படுவனவற்றிற் பல, உண்மையில் பழைய வழுவொன்றின் மறுபக்கமாகவே உள்ளன.

இடைமுகங்களின் பெயர் பற்றிய வரலாறு இதனிலும் அறிவுறுத்துவது. தொடக்கத்தில் லினக்ஸ் தான் கண்ட ஒழுங்கிலே ஈத்0, ஈத்1 எனப் பெயரிட்டது. இரண்டு வலையமைப்பு அட்டைகள் உள்ள கணினியில், எது முதலிற் கண்டறியப்படும் என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும். வெளியுலகை நோக்கிய அட்டையும் உள்ளக வலையமைப்பை நோக்கிய அட்டையும் பெயர்மாறின், தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு விதிகள் தலைகீழாகிவிடும். இதனைத் தீர்க்கும்பொருட்டு, அட்டையிற் பொறிக்கப்பட்ட வன்பொருள் முகவரியையும் அதற்கு வழங்கப்பட்ட பெயரையும் ஒரு கோப்பிற் பதிந்துவைக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. அத்தீர்வு புதிய இரு வழுக்களை ஈன்றது. பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றும் அதே கணத்தில் கருவகமும் அப்பெயர்களையே புதிய அட்டைகளுக்கு வழங்கிக்கொண்டிருந்தமையால் இரண்டும் முட்டிக்கொண்டன. மெய்நிகர் இயந்திரமொன்றைப் படியெடுத்து இயக்கியபோதோ, படியின் வன்பொருள் முகவரி வேறாகையால் அதன் ஒரேயோர் அட்டை ஈத்1 எனப் பெயர் பெற, உள்ளமைவுக் கோப்பு இல்லாத ஈத்0இற்காகக் காத்துக்கிடந்தது.

2013 சனவரியில் வெளியான சிஸ்டம்-டியின் 197ஆம் பதிப்பு வேறொரு வழியைக் காட்டியது. அட்டை தாய்ப்பலகையிலே அமைந்துள்ள இடத்தைக்கொண்டே பெயரிடுதல் அவ்வழி. 'இஎன்பி3எஸ்0' என்றாற் போன்ற பெயர்கள் இவ்வாறு பிறந்தன. இவை முன்கூட்டியே கணிக்கத்தக்க பெயர்கள் என விளம்பப்பட்டன. கண்ணுக்கினியன அல்ல என்பது ஒருபுறமிருக்க, வேறோர் அட்டையைப் புதிதாகச் செருகினால் தடங்களின் எண்கள் மாறி, பழைய அட்டையின் பெயரும் மாறக்கூடும் என்பது விரைவிலேயே தெரிந்தது. பெயரிடும் விதிகளில் இருந்த குறைகளைத் திருத்தத் தொடங்கியபோது மேலுமோர் இடர் எழுந்தது: விதியைத் திருத்தினால், அவ்விதியின்படி முன்னர்ப் பெயர்பெற்ற கணினிகளில் பெயர்கள் மாறும், கணினி மேம்படுத்தப்பட்ட மறுகணம் வலையமைப்பிலிருந்து அறுந்துவிடும். சரியான திருத்தமே கேட்டுக்குக் காரணமாகும் நிலை இது. 2018 டிசெம்பரில் வெளியான 240ஆம் பதிப்பில் காணப்பட்ட தீர்வு, பெயரிடும் விதித்தொகுதிகளுக்கே பதிப்பெண் இடுதலாகும். பழைய விதிகள் பிழையுடனேயே பாதுகாக்கப்பட்டன. எந்தப் பதிப்பின் விதியை ஏற்பதென நிருவாகி தொடக்கக் கட்டளையிலேயே குறிக்கலாம். வழுவமைதியைச் சட்டமாக எழுதிவைத்த செயல் என இதனைக் கொள்ளலாம். பெயரொன்று 15 எழுத்துக்களை விஞ்சலாகாது என்ற கருவகத்தின் பழைய எல்லையும் இவ்வாறே கையாளப்பட்டது. எல்லையை உயர்த்தினால் பழைய நிரல்களின் நினைவக அமைப்பு உடையும். ஆகவே எல்லையைத் தொடாது, நீண்ட மாற்றுப்பெயர்களை உடன் வைத்துக்கொள்ளும் வசதி 2020 சனவரியில் வெளியான 5.5ஆம் கருவகத்திற் சேர்க்கப்பட்டது.

நியமத்தைப் பின்பற்றுதலும் வழுவாகக்கூடும். டிஎச்சிபி என்பது கணினிகளுக்கு முகவரிகளை வழங்கும் நெறிமுறை. முகவரி கேட்கும் கணினி தன்னை எவ்வாறு அடையாளங்காட்டவேண்டும் என்பதுபற்றி, 2006இல் வெளியான 4361ஆம் இணைய நியம ஆவணம், அட்டையோடு பிணைக்கப்படாத நிலையான அடையாளமொன்றைப் பரிந்துரைத்தது. சிஸ்டம்-டியின் வலையமைப்புப் பகுதி இதனை ஏற்று, ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய இயந்திர அடையாள எண்ணிலிருந்து அதனை ஆக்கிக்கொண்டது. கொள்கையளவில் இது செம்மையானது. ஆனால் நிருவாகிகள் பல்லாண்டுகளாக வன்பொருள் முகவரியை எழுதிவைத்து, இந்த அட்டைக்கு இந்த முகவரி என ஒதுக்கி வந்தனர். உபுண்டுவின் 18.04ஆம் பதிப்பு 2018இல் வந்தபோது அவ்வொதுக்கீடுகள் செல்லாதனவாயின. படியெடுக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்கள் அனைத்தும் ஒரே இயந்திர அடையாளத்தைத் தாங்கி நின்றமையால், அவற்றுக்கு ஒரே முகவரி வழங்கப்பட்ட விபரீதமும் நிகழ்ந்தது. நியமத்தை நோக்கின் வழு மென்பொருளிலன்று, படியெடுத்தவரின் பழக்கத்திலேயே உள்ளது. ஆயினும் பழக்கமே வென்றது. வன்பொருள் முகவரியையே அடையாளமாகக் கொள்க எனக் கூறும் தெரிவொன்று, உபுண்டுவின் 'நெற்பிளான்' என்னும் உள்ளமைவு மென்பொருளிற் சேர்க்கப்பட்டது. இதில் நான் நிருவாகிகளின் பக்கமே நிற்பேன். நியமத்தை எழுதியோர் இயந்திரங்களைப் படியெடுத்துப் பெருக்கும் தொழில்முறையைக் கருத்திற் கொண்டு எழுதினாரல்லர்.

இனி, அமைதி கொள்ளவே இயலாத வழுக்களும் உள. 2018 மே மாதத்திற் கூகிள் நிறுவனத்தின் பாதுகாப்பாய்வாளர் பீலிக்ஸ் வில்ஹெல்ம் கண்டறிந்த வழுவொன்று அத்தகையது. றெட் ஹற் நிறுவனத்தில் 2004இல் தொடங்கப்பெற்ற 'நெற்வேர்க் மனேஜர்', இணைப்பொன்று உருவாகும்போது சில கட்டளைக் கோப்புகளை இயக்கும். முகவரி வழங்கிய சேவையகம் உடனனுப்பிய பிற விவரங்களும் அவற்றுக்குக் கையளிக்கப்படும். றெட் ஹற்றின் லினக்ஸ் வெளியீடுகளில் இணைக்கப்பட்டிருந்த ஒரு கோப்பு, அவ்விவரங்களை வரிவரியாக வாசித்து மீண்டும் கட்டளையாக மதிப்பிட்டது. வாசிக்கும் கட்டளை, வரியிலுள்ள பின்சாய்கோடுகளை விழுங்கிவிடும் இயல்புடையது. ஒற்றை மேற்கோட்குறியொன்றைத் தீங்கற்றதாக்கிக் காத்துநின்றது அப்பின்சாய்கோடே. அது மறைந்ததும் மேற்கோள் இடையிலே முடிவுற, எஞ்சிய எழுத்துக்கள் தரவு என்ற நிலையிலிருந்து கட்டளை என்ற நிலைக்கு ஏறின. அதாவது, அதே வலையமைப்பில் அமர்ந்து போலி முகவரிச் சேவையகமொன்றை நடத்தும் எவரும், முகவரி கேட்டுவந்த கணினியில் முழு அதிகாரத்துடன் தாம் விரும்பியதைச் செய்விக்கலாம். திருத்தம், அவ்வாசிப்புக் கட்டளையோடு ஒரு சிறுகோட்டையும் ஓரெழுத்தையும் சேர்த்து, பின்சாய்கோட்டை விழுங்காதே எனப் பணித்தலாக அமைந்தது. இரண்டே குறியீடுகள். 2014 செப்ரெம்பரில் 'பாஷ்' கட்டளை மொழிபெயர்ப்பியில் வெளிப்பட்ட 'ஷெல்ஷொக்' வழுவுக்கும் இதே முகவரிச் சேவையகம் ஒரு நுழைவழியாக இருந்தமை நினைவுகூரத்தக்கது. நான்காண்டு இடைவெளியில் ஒரே வாசலால் இருமுறை கள்வன் வரக்கூடுமாயின், குறை பூட்டிலன்று, வாசலின் அமைப்பிலேயே உள்ளது. அந்நியர் தந்த சொற்களைக் கட்டளை மொழியின் கையிற் கொடுக்கும் வடிவமே அது. நெற்வேர்க் மனேஜர் 2019இல் வெளியான 1.20ஆம் பதிப்பிலிருந்து, முகவரி பெறும் பணிக்கு வெளி நிரலையன்றித் தன்னகத்தேயுள்ள நிரற்பகுதியையே இயல்பாகப் பயன்படுத்துகின்றது.

புதிய வசதிகளுள் மிகவும் பயனுடையதென நான் கருதுவது, மேலே கூறிய அடிமரம் வெட்டும் இடருக்கு மாற்றாக வந்ததாகும். நெற்பிளானில் மாற்றமொன்றைச் 'சோதித்துப் பார்' எனக் கட்டளையிட்டால், அது மாற்றத்தை நடைமுறைப்படுத்திவிட்டு 120 வினாடிகள் காத்திருக்கும். அதற்குள் நிருவாகி உறுதிசெய்யாவிடின், அவர் தொடர்பறுந்துவிட்டார் எனக் கொண்டு பழைய நிலைக்கு மீளும். நெற்வேர்க் மனேஜரும் தன் 1.4ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய மீட்பு நிலைகளைப் பதிந்துவைக்கும் வசதியை வழங்குகிறது. நிருவாகியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாது ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டமையே இதன் நுட்பம்.

இத்தகைய திருத்தங்கள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதும் சிறிது விளக்கத்துக்குரியது. வலையமைப்பு வழு பெரும்பாலும் முறையிடுபவரின் மேசையில் மட்டுமே நிகழும். திருத்துபவரின் மேசையில் நிகழாது. அந்த அட்டை, அந்த வழிப்படுத்தி, அந்தக் கணத்தின் ஒழுங்கு என்பன அவரிடம் இல்லை. ஆகவே வழுவை மீண்டும் நிகழச்செய்வதே பாதி வேலை. லினக்ஸ் கருவகம் தனக்குள்ளேயே ஒன்றையொன்று அறியாத பல வலையமைப்பு வெளிகளை உருவாக்க இடந்தருவதால், இரு முனையுள்ள கற்பனைக் கம்பியொன்றால் அவற்றை இணைத்து, ஒரே கணினிக்குள் ஒரு சிற்றூரின் வலையமைப்பையே அமைத்துவிடலாம். கம்பியில்லா இணைப்பைப் பாவனைசெய்யும் கருவகப் பகுதியும் உண்டு. வழு முன்னைய பதிப்பில் இல்லாது பிந்தியதில் உளதாயின், இடைப்பட்ட மாற்றங்களை நடுவே பிளந்து பிளந்து சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்களுள் குற்றவாளியைக் காண ஏறத்தாழப் பத்துச் சோதனைகள் போதும். திருத்தியபின், அவ்வழு மீண்டும் தலைகாட்டினால் உடனே அறிவிக்கும் சோதனையொன்றையும் எழுதிச்சேர்த்தல் வழக்கம். அவ்வாறு செய்யப்படாத திருத்தம் மறுபதிப்பிலேயே அழிந்துபோதலும் உண்டு.

இவையெல்லாம் உழைப்பு. லினக்ஸைச் சார்ந்த இம்மென்பொருள்களின் மூலநிரல் எவரும் வாசிக்கவும் திருத்தவும் உரிமையுடையது. அவ்வுரிமை உண்மையானது, குறைத்து மதிக்கத்தக்கதன்று. ஆனால் உரிமை எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, திருத்தும் ஓய்வும் கருவியும் பொதுவாயில்லை. நெற்-ரூல்ஸின் 1.60ஆம் பதிப்பு 2001இல் வெளியானபின் நீண்டகாலம் தேங்கிக்கிடந்தமைக்கு, அதனைப் பேணுவதற்கு ஊதியம் தருவார் இல்லாமையே பெருங்காரணம் எனக் கொள்ள இடமுண்டு. மாறாக, நெற்வேர்க் மனேஜரின் வளர்ச்சிக்கு றெட் ஹற் ஊழியர்களும் நெற்பிளானின் வளர்ச்சிக்குக் கனோனிக்கல் ஊழியர்களும் முதுகெலும்பாயினர். றெட் ஹற்றை ஐபிஎம் நிறுவனம் 2019இல் ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. எவ்வழு முதலிற் கவனிக்கப்படும், எப்பழக்கம் அமைதியென ஏற்கப்படும், எது வழுவென நீக்கப்படும் என்பவை, ஊதியம் தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் யாவர் என்பதோடு தொடர்பற்றனவாய் இருத்தல் அரிது. இதனைச் சதியெனக் கூறுதல் பொருந்தாது. உழைப்பு எங்கு விலைபெறுகின்றதோ அங்கு திருத்தமும் செல்கிறது.

தமிழ் வாசகரை நேரடியாகத் தொடும் ஒரு செய்தியும் இங்கு கூறத்தக்கது. நெற்வேர்க் மனேஜரின் செய்திகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. அதன் கட்டளைவரிக் கருவி, கணினியின் மொழிச்சூழலுக்கு ஏற்பத் தன் வெளியீட்டை மாற்றிக்கொள்ளும். இணைப்பு உண்டா என அறிய, ஆங்கிலச் சொல்லொன்றைத் தேடுமாறு எழுதப்பட்ட கட்டளைக் கோப்பு, தமிழ்ச் சூழலில் இயங்குங் கணினியில் அச்சொல்லைக் காணாது, இணைப்பில்லை என முடிவுசெய்யக்கூடும். கருவியின் கையேடே இதனை எச்சரித்து, கட்டளைக் கோப்புகளிலிருந்து அழைக்கும்போது மொழிச்சூழலை 'சி' என்னும் பொதுநிலைக்கு மாற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. ஆங்கிலச் சூழலில் மட்டும் எழுதிச் சோதித்தோரின் கண்ணுக்கு இவ்வழு ஒருபோதும் படாது. கணினியைத் தமிழில் இயக்குவோரிடத்திலேயே அது வெளிப்படும். எனவே முறையிடவேண்டியவரும் அவரே. முறையீட்டில் மென்பொருளின் பதிப்பெண்ணோடு மொழிச்சூழலின் பெயரையும், அச்சூழலை மாற்றியபின் வழு மறைந்ததா என்பதையும் குறிப்பாராயின், திருத்துபவரின் பாதி வேலை முடிந்திருக்கும்.